12 மணி நேரத்துக்குள் இரண்டு ஊசி

கர்ப்பத்தின் மூன்றாவது மாதம் குடியாத்தத்தில் ரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் எனக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி என்ற வைரஸ் தொற்று இருப்பது தெரிந்தது. கண் மஞ்சளாகவில்லை, பசியும் குறையவில்லை. பரிசோதனைக்கூடத்தில் தாளைக் கொடுத்தவர் பத்துப் பேர் காதில் விழும்படி அதைப் படித்து, "தனித் தட்டில் சாப்பிடுங்கள்" என்றும் சொன்னார். அன்று இரவே எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் சமையலறை மூலைக்குப் போய்விட்டன. என் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன், பயத்தில் செய்தார். மறுநாள் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்ததும் அவர்தான்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் மருத்துவர் அவரையும் உட்காரவைத்துப் பேசினார். இது ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். சேர்ந்து சாப்பிடுவதால் வராது. தனியாக வைக்க வேண்டியவை பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. உடலுக்கு வெளியேயும் இந்த வைரஸ் குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தட்டைப் பிரித்த எங்கள் வீட்டில் நகவெட்டி ஒன்றுதான். கீழாநெல்லியை நம்பி இருந்துவிடாதீர்கள் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை. கணவருக்கு இல்லை; முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது என்று போட்டுக்கொண்டார். என் அம்மாவுக்கு இருந்தது.

"நான்தான் உனக்குக் கொடுத்துவிட்டேனா?" என்று அம்மா அழுதார். நான் பிறந்தது 1996இல். அரசுத் தடுப்பூசி அட்டவணையில் அப்போது இந்த ஊசியே கிடையாது. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பிறக்கும்போதே தொற்றினால் 100க்கு 90 குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். அம்மாவின் மேல் என்ன தவறு இருக்கிறது?

வைரஸ் அளவு அதிகமாக இருந்ததால் 28ஆவது வாரத்திலிருந்து வைரஸைக் கட்டுப்படுத்த தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை. குழந்தைக்குப் பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். இம்யூனோகுளோபுலின் இருப்பில் இருக்கிறதா என்று பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பே கணவர் நேரில் போய் உறுதி செய்துகொண்டார். இதை யாரும் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். மகள் இரவு இரண்டு மணிக்குப் பிறந்தாள். விடிவதற்குள் ஒரு தொடையில் ஒன்று, மறு தொடையில் மற்றொன்று. பால் கொடுக்கலாமா என்று நான் தயங்கியபோது, செவிலியர் குழந்தையை எடுத்து என் மார்பில் வைத்தார். தாய்ப்பாலால் பரவாது.

பிறகு 6, 10, 14ஆவது வாரங்களில் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அடங்கிய பென்டாவேலன்ட் ஊசி. பத்தாம் மாதம் ரத்தப் பரிசோதனை செய்தோம். தொற்று இல்லை, எதிர்ப்புச் சக்தி போதிய அளவு இருந்தது. அம்மா அந்தத் தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவும் நானும் கல்லீரல் பரிசோதனைக்காகச் சேர்ந்தே பஸ் ஏறுகிறோம். அடுத்த முறை தம்பியையும் அழைத்துப் போகிறோம். அவன் இன்னும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை.