தெளியும் வரை

ஜூன் 3
டீசலுக்குப் பதிலாக ஊற்ற பயோடீசல் செய்யப் போகிறேன். பொரித்த எண்ணெயைத் துணியில் வடிகட்டினேன். கருகல் தூள் துணியில் நின்றுவிட்டது. தண்ணீர் நிற்காதே, அதுதான் கவலை. ஒரு கரண்டி எடுத்துச் சூடாக்கினால் படபடவென்று வெடிக்கிறது.

ஜூன் 4
மொத்தத்தையும் சூடேற்றி ஆற விட்டிருக்கிறேன். அடியில் தேங்குவதைச் சேர்க்கப் போவதில்லை. வெடிப்பு அடங்கும் வரை, எண்ணெயோடு சேர்க்க வேண்டிய மெத்தனாலைத் தொடுவதாக இல்லை. தண்ணீர் மிஞ்சினால் பாதி சோப்பாகத்தான் போகும்.

ஜூன் 6
கரண்டியில் சத்தமே இல்லை! உடனே டைட்ரேஷன், எண்ணெயில் ஏறியிருக்கும் அமிலத்தை அளக்கும் சோதனை. 1 மில்லி எண்ணெய், 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நிறம் காட்டச் சில சொட்டு பினாப்தலீன். லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் காஸ்டிக் சோடா கரைத்து, அதை ஊசிக்குழலால் சொட்டுச் சொட்டாக விட்டேன். இளஞ்சிவப்பு வருகிறது, கலக்கினால் ஓடிவிடுகிறது. இன்னொரு சொட்டு. மறுபடி வருகிறது, மறுபடி ஓடுகிறது. 2.5 மில்லியில் நிறம் நின்றது. திரும்பச் செய்தாலும் அதே 2.5. புது எண்ணெய்க்கு லிட்டருக்கு 3.5 கிராம் சோடா, அதோடு இந்த 2.5. ஆக 6 கிராம். எண்ணெய் எவ்வளவு அடிபட்டது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஜூன் 7
காற்றே இல்லை. மெத்தனால் மூடியைத் திறக்கவில்லை.

ஜூன் 8
நல்ல காற்று. இருந்தாலும் பயம் போகவில்லை. மெத்தனால் உள்ளே போனால் கண் பார்வையே போகலாம், தோல் வழியாகவும் இறங்கும். பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் தீ இருப்பதே தெரியாது. தம்பி எட்டிப் பார்த்து, "அண்ணே, நான் கலக்கட்டுமா?" என்றான். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே வராதே என்று விரட்டிவிட்டேன். லிட்டருக்கு 200 மில்லி மெத்தனால். சோடா கரையக் கரைய ஜாடி கையில் சுட்டது. அதை எண்ணெயில் ஊற்றிக் கலக்கினேன். எண்ணெயை 55 டிகிரிக்கு மேல் விடவில்லை, 64.7-இல் மெத்தனால் கொதித்துவிடும்.

அப்புறம் காத்திருப்பு. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரம் கடலை எண்ணெயிலேயே ஓடியதாம். எரிபொருளைப் பீய்ச்சும் இன்றைய நுண்ணிய இன்ஜெக்டர்களுக்கு எண்ணெய் ரொம்பக் கெட்டி. அதை மெலிதாக்கத்தானே இத்தனை பாடும்.

ஜூன் 9
பிரிந்துவிட்டது! அடியில் கரும்பழுப்புக் கிளிசரின், மேலே தேன் நிறத்தில் பயோடீசல். நடுவில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 10
3/27 சோதனை. 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசல் விட்டுக் குலுக்கினேன். முழுவதும் கரைய வேண்டும். அடியில் குட்டிக் குட்டியாக எண்ணெய் முத்துகள். மாறாத எண்ணெய் இன்னும் இருக்கிறது. இன்று எதுவும் பிடிக்கவில்லை.

ஜூன் 11
கிளிசரினை இறக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் மெத்தனாலும் சோடாவும் சேர்த்து மறுபடி வினையை ஓட்டினேன்.

ஜூன் 12
முத்து இல்லை. சொட்டுக்கூட இல்லை.

ஜூன் 13
கழுவ வேண்டும். சோப்பும் மிச்ச மெத்தனாலும் வெளியேற வேறு வழி எனக்கில்லை. எண்ணெயிலிருந்து விரட்டிய தண்ணீரை இப்போது நானே ஊற்றுகிறேன். முதலில் சின்ன ஜாடியில் பாதிக்குப் பாதி விட்டுப் பலமாகக் குலுக்கினேன். அரை மணியில் பிரிய வேண்டும். பிரிந்தது, நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு மெல்லிய சோப்புப் படலம். அதனால் மொத்தத்துக்கும் மேலிருந்து சாரலாகத்தான் தெளிக்கிறேன், கலக்கவே இல்லை.

ஜூன் 15
கழுவிய தண்ணீர் தெளிவாக இறங்குகிறது. மேலே உள்ளதுதான் கலங்கல். ஜாடிக்குப் பின்னால் அச்செழுத்தை வைத்தால் படிக்க முடியவில்லை. உள்ளே தண்ணீர்தான், வேறென்ன. நாளை மெதுவாகச் சூடேற்ற வேண்டும். எரிபொருள் குழாய் இயற்கை ரப்பரா என்றும் பார்க்க வேண்டும். பயோடீசல் அதை அரித்துவிடும்.

ஜூன் 16
இன்னும் கலங்கல்தான்.