சின்க்ளேர் விளம்பரத் தாள்கள்: தேதி கண்டுபிடிப்பது, கெடாமல் வைப்பது – இதுவரை செய்தது

பிரிட்டனின் சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் தன் வீட்டுக் கணினிகளைத் தொடக்கத்தில் தபால் வழியாகவே விற்றது. மடித்த ஒரு வண்ணத் தாள், தனி விலைப்பட்டியல், கிழித்து அனுப்ப ஓர் ஆர்டர் ஃபார்ம்: வாங்குபவர் கண்ணில் பட்ட கடை அவ்வளவுதான். அதனால்தான் சின்க்ளேர் கணினிகளைவிட அந்தத் தாள்களைச் சேர்ப்பது பிரயோஜனம் என்று நினைக்கிறோம். கணினி இன்றும் நிறையக் கிடைக்கிறது. விலைப்பட்டியலும் வெட்டாத ஆர்டர் ஃபார்மும் சேர்ந்த முழுத் தொகுதி கிடைப்பது அரிது. படம் இருக்கிற பக்கத்தை எல்லாரும் பத்திரமாக வைத்தார்கள், விலைத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

முதலில் எடுத்துக்கொண்ட வேலை தேதி குறிப்பது. பெரும்பாலான தாள்களில் அச்சிட்ட தேதி கிடையாது. விலையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். 1980 பிப்ரவரியில் வந்த இசட்எக்ஸ்80 கணினி, முழுதாகச் செய்தது 99.95 பவுண்டு, நாமே பற்றவைத்துக்கொள்ளும் உதிரிப் பெட்டி 79.95. 1981 மார்ச்சில் வந்த இசட்எக்ஸ்81க்கு இதே வரிசையில் 69.95, 49.95. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 49.95 என்ற எண்ணை மட்டும் பார்த்து 1981 என்று எழுதிவிடக் கூடாது. உதிரிப் பெட்டியின் தொடக்க விலையும் அதுதான், நினைவகத்தைக் கூட்டப் பின்னால் செருகும் 16கே (கிலோபைட்) ராம் பேக்கின் தொடக்க விலையும் அதுதான், பின்னாளில் விலை இறங்கியபோது முழுதாகச் செய்த கணினியின் விலையும் அதே எண்ணுக்கு வந்தது. எந்தப் பொருளுக்கு எதிரே அச்சாகியிருக்கிறது என்று பார்த்து, பக்கத்தில் உள்ள மற்ற விலைகளோடு பொருத்திய பிறகே முடிவு செய்ய வேண்டும்.

சின்க்ளேரின் அடுத்த கணினியான ஸ்பெக்ட்ரத்தின் தாள்கள் இதைவிடச் சுலபம். 1982 ஏப்ரலில் அறிமுக விலை 16கே நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48கே உள்ளது 175. 1983 மே மாதம் இரண்டும் 99.95, 129.95 என்று இறங்கின. 179.95 பவுண்டு விலையில் ஸ்பெக்ட்ரம் பிளஸ் இருந்தால் 1984 அக்டோபருக்குப் பிந்தியது. அதே 179.95தான் 1986 பிப்ரவரியில் பிரிட்டனில் வெளியான ஸ்பெக்ட்ரம் 128க்கும். ஆகவே விலையோடு மாடல் பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1986 ஏப்ரலில் ஆம்ஸ்ட்ராட் என்ற இன்னொரு பிரிட்டிஷ் நிறுவனம் சின்க்ளேரின் கணினித் தொழிலை வாங்கியது. அதற்குப் பின்னால் வந்தவற்றைத் தனி உறையில் வைப்பது நல்லது. தாளின் தோரணையே மாறிவிடுகிறது.

விலை இல்லாத தாளில் துணைச் சாதனங்கள் உதவும். நாடா கார்ட்ரிட்ஜில் தகவலைச் சேமிக்கும் மைக்ரோடிரைவ் இதற்கு மிகச் சரியான அடையாளம். 1982 ஸ்பெக்ட்ரம் அறிமுகத் தாள்களில் அது வரப்போகிற சாதனம், ஒரு கார்ட்ரிட்ஜில் 100கே வரை கொள்ளும் என்று போட்டிருந்தார்கள். 1983இல் கைக்கு வந்தபோது குறைந்தது 85கே என்றே சொன்னார்கள். இந்த இரண்டு எண்களில் எது இருக்கிறது என்று பார்த்தாலே தாள் சாதனத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று தெரிந்துவிடும். வாக்குறுதிக்கும் வந்த பொருளுக்கும் நடுவில் இருந்த இடைவெளி இத்தனை தெளிவாக வேறெங்கும் பதிவாகவில்லை. இந்தத் தாள்களைச் சேர்ப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்தது முகவரி. இசட்எக்ஸ்81 காலத்துத் தாள்களில் கேம்பிரிட்ஜ், 6 கிங்ஸ் பரேட் இருக்கும். ஸ்பெக்ட்ரம் ஆர்டர்கள் சர்ரேயில் உள்ள கேம்பர்லிக்குப் போயின. கேம்பர்லியின் தொலைபேசிக் குறியீடு 0276. பிரிட்டனில் பெரும்பாலான குறியீடுகளில் 0க்கு அடுத்து 1 சேர்ந்தது 1995 ஏப்ரல் 16இல். எனவே 01276 என்று அச்சான "1982 தாள்" எதுவாக இருந்தாலும் பின்னாளில் தயாரித்தது. போலியைப் பிடிக்கச் செலவில்லாத சோதனை இது.

நகலைப் பிரிக்க இன்னொரு வழி 10 மடங்கு பூதக்கண்ணாடி. அசல் ஆஃப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் சீரான கோணத்தில் அமர்ந்து சிறு சிறு பூ வட்டங்களாகத் தெரியும். இங்க்ஜெட் நகலில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். எழுத்தின் ஓரத்தையும் பாருங்கள்: அசலில் கறுப்பு எழுத்து ஒரே மையில் கூர்மையாக நிற்கும், ஸ்கேன் செய்து அடித்த நகலில் ஓரம் முழுக்க வண்ணப் புள்ளி ஒட்டியிருக்கும். புற ஊதா டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. இங்கே அது உதவாது. காகிதத்தில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் 1950களிலேயே வந்துவிட்டதால் 1982இன் அசலும் பளீரென்று ஒளிரும்.

பத்திரிகையிலிருந்து கிழித்த விளம்பரப் பக்கத்தைத் தனிப் பிரசுரம் என்று விற்பதும் நடக்கிறது. பின்பக்கத்தில் வேறு யாருடைய விளம்பரமோ கட்டுரையோ இருக்கும், மூலையில் பக்க எண் இருக்கும், தாளும் மெலிசாக இருக்கும். வாங்குமுன் முன், பின், உள் பக்கம் மூன்றுக்கும் படம் கேளுங்கள். ஆர்டர் ஃபார்ம் வெட்டியிருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். தபாலில் சுருட்டி அனுப்ப வேண்டாம், இருபுறமும் கெட்டி அட்டை வைத்துத் தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள். வழவழப்பான தாளைச் சுருட்டினால் மடிப்பில் மேல்பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு விழும். அதைச் சரிசெய்ய முடியாது.

கணினிப் பெட்டியோடு சேர்ந்து வந்தால் தாள்களை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். மின் ஒயரின் பிவிசி உறையில் உள்ள மென்மையாக்கி கசிந்து தெர்மகோலை உருக்கும். அந்தப் பிசுக்கு தாளிலும் ஏறும்.

சுத்தம் செய்வதில் குறைவாகச் செய்வதே நல்லது. மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூசி தட்டினால் போதும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கும் கருவியால் இழுக்கக் கூடாது, முதுகு மடிப்பு கிழிந்துவிடும். நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் இரு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, வெளிப்பக்கத்திலிருந்து மெதுவாகத் தூக்க வேண்டும். பழைய ஓட்டையிலேயே பருத்தி நூல் கோத்துக் கட்டலாம். துருக்கறையைத் துடைக்கப் போக வேண்டாம். ஈரம் பட்டால் கறை பரவும், வழவழப்பான பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். தாளின் மேல் உள்ள களிமண் பூச்சு ஈரத்தில் இளகிக் காயும்போது பசைபோலப் பிடித்துக்கொள்ளும். பிரிக்கப் போனால் படம் உரிந்து எதிர்ப் பக்கத்தோடு போகும்.

சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் ஈரம்தான் பெரிய எதிரி. 35இலிருந்து 50 சதவீத ஈரப்பதம் நல்லது, ஆனால் திறந்த அலமாரியில் அது கைகூடாது. ரப்பர் விளிம்புள்ள மூடி கொண்ட பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், கண்ணில் படும்படி ஒரு சின்ன ஈரப்பதமானி, இந்த ஏற்பாடு பலன் தருகிறது. ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடாதீர்கள். அதன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும், உள்ளே பேட்ஜோ கேசட் டப்பாவோ இருந்தால் பாழ்.

உறைக்குக் கடையில் கிடைக்கும் வழவழ பிவிசி வேண்டாம். சில ஆண்டுகளில் மை பெயர்ந்து உறையில் ஒட்டும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் என்று பொட்டலத்தில் போட்டிருப்பதை வாங்குங்கள். செய்தித்தாள் நறுக்குகளைப் பிரசுரங்களோடு கலக்காதீர்கள், அவற்றின் அமிலம் அடுத்த தாளையும் பழுப்பாக்கும். லேமினேஷன் செய்யவே கூடாது. குறிப்பு எழுதுவதாக இருந்தால் பின்பக்க ஓரத்தில் 2பி பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள்.

ஸ்கேன் வேலை இப்போதுதான் பாதியில் நிற்கிறது. 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனரின் கட்டங்களும் மோதி அலையலையாகக் கோலம் விழுகிறது. 600 டிபிஐயில் எந்தத் திருத்தமும் இல்லாமல் தரம் குறையாத டிஃப் படக் கோப்பாக எடுத்து, பார்ப்பதற்கான பிரதியில் மட்டும் லேசாக மங்கலாக்கிச் சிறிதாக்கினால் அலை மறைகிறது. ஒரு ஏ4 பக்கம் வண்ணத்தில் சுமார் 104 எம்பி வரும், இடத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். மெலிசான ஸ்கேனர்களில் இருக்கும் சிஐஎஸ் சென்சார் கண்ணாடியைத் தொட்ட பரப்பை மட்டுமே கூர்மையாகக் காட்டும். மடிப்பு உள்ள தாளுக்கு, லென்ஸ் வழியாகப் படமெடுக்கும் சிசிடி வகை ஸ்கேனர்தான் சரி. பின்பக்க எழுத்து தெரிந்தால் தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள். ஏ3 விரிப்பை இரண்டு பாதியாக எடுக்கும்போது 3-4 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும். இரண்டாம் பாதியைத் தலைகீழாகத் திருப்பினால் ஒளி எதிர்த்திசையிலிருந்து விழுந்து மடிப்பு நிழல் மாறும், இணைப்பு அசிங்கமாகத் தெரியும். ஒரே திசையில் நகர்த்தியே எடுக்க வேண்டும்.

கோப்புப் பெயர் வைக்கும் முறை: முதலில் ஆண்டு, பிறகு மாடல், பிறகு தாளின் வகை, கடைசியில் பக்க எண். ஆண்டு ஊகமாக இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறிக்குப் பதில் "சுமார்" என்று சேர்க்கிறோம், கேள்விக்குறியை விண்டோஸ் ஏற்காது. இசட்எக்ஸ்81, ஸ்பெக்ட்ரம் தாள்கள் இந்த முறைக்கு வந்துவிட்டன. அடுத்து 1984 ஜனவரியில் 399 பவுண்டுக்கு சின்க்ளேர் அறிவித்த க்யூஎல் கணினியின் தாள்கள். அவற்றில் 28 நாளில் அனுப்புவோம் என்ற வாசகம் இருக்கும் தாள்களையும் இல்லாதவற்றையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்.