ஏழாயிரம் டாலரில் எது அடங்கியது, எது அடங்கவில்லை

கையில் காசில்லாமல் படம் எடுக்க நினைப்பவர்கள் நாலு பேர் கூடினால் அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் பெயர் வந்துவிடும். ஏறத்தாழ 7,000 டாலரில் ‘எல் மரியாச்சி’ எடுத்தவர். தொகை உண்மைதான். ஆனால் அது எந்தக் கட்டம் வரை ஆன செலவு என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தக் கணக்கை நம்பி இறங்குகிறவர்கள் பாதி வழியில் மாட்டிக்கொள்வது அதனால்தான்.

ரோட்ரிகஸ் 1968இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பிறந்தவர். வீட்டில் பத்துப் பிள்ளைகள். சிறுவயதிலேயே இரண்டு விசிஆர்களை (வீடியோ கேசட் கருவிகளை) இணைத்து எடிட் செய்யப் பழகினார்: ஒன்றில் டேப் ஓடும், மற்றதில் பதிவாகும். நடுவில் ஒரு ஷாட்டைச் செருக வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் வருவதையெல்லாம் மறுபடி பதிய வேண்டும். ஆகவே படம் முழுவதையும் முதலிலேயே மனசுக்குள் வெட்டி ஒட்டிவிட வேண்டும். பிற்பாடு அவர் செய்த எல்லாவற்றுக்கும் வேர் இந்தப் பழக்கம்தான் என்பேன்.

1991இல் நண்பர் கார்லோஸ் கயார்தோவுடன் மெக்சிகோ எல்லையூரான சியுதாத் அகுன்யாவில் படப்பிடிப்பு, இரண்டு வாரம். செலவில் 3,000 டாலர், மருந்துப் பரிசோதனைக்கு உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்தது. ஒரு மாதம் அங்கே அடைபட்டிருந்த நேரத்தில் திரைக்கதையையும் எழுதிவிட்டார். வில்லனாக நடித்த பீட்டர் மார்க்வார்டும் அங்கே கிடைத்தவரே. அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ரோட்ரிகஸ் கதை எழுதிவிட்டுப் பொருள் தேடவில்லை. ஊரில் தெரிந்தவர்களிடம் சும்மா கிடைக்கும் பார், பண்ணை வீடு, பஸ், பிட்புல் நாய் எல்லாவற்றையும் கணக்கெடுத்துக்கொண்டு அவற்றுக்குள் அடங்குகிற கதையை எழுதினார்.

பணம் பெரும்பாலும் போனது பிலிமுக்கு. 16 மி.மீ. பிலிம் 100 அடி, நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் 2 நிமிடம் 46 நொடியில் தீர்ந்துவிடும். அந்த ஒரே ரோலுக்கு மூன்று முறை காசு: வாங்க, லேபில் கழுவ, வீடியோவுக்கு மாற்ற. அதனால் பெரும்பாலும் ஒரே டேக். நடிகர் தடுமாறினால் முதலிலிருந்து எடுக்க மாட்டார். கேமராவை வேறு கோணத்தில் வைத்து, தடுமாறிய வரியிலிருந்து தொடர்வார். கிளாப் போர்டும் கிடையாது, காட்சி எண்ணை நடிகரே விரல்களால் காட்டுவார். டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலி.

சண்டைக்குக் கடன் வாங்கிய நிஜத் துப்பாக்கிகள். தானியங்கித் துப்பாக்கி, குண்டு வெளியேறும்போது உண்டாகும் அழுத்தத்தால்தான் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். வெற்றுத் தோட்டாவில் அந்த அழுத்தம் வராது, ஒரு வெடியோடு நின்றுவிடும். சினிமாவுக்கென்று துப்பாக்கியைத் தயாரிக்கும்போது குழாய்க்குள் அடைப்பு வைத்துச் சரிசெய்வார்கள். இவரிடம் அது இல்லை. ஒவ்வொரு வெடியையும் வெவ்வேறு கோணத்தில் எடுத்து, தொடர் வெடிச்சத்தத்தை மேலே போட்டு ஒட்டினார். தயவுசெய்து இதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். வெற்றுத் தோட்டாவும் கிட்டத்தில் ஆளைக் கொல்லும்.

அந்த 7,000 டாலர், வீடியோ டேப்பில் எடிட் செய்து முடித்த பிரதி வரைதான். ஸ்பானிஷ் வீடியோ சந்தையில் விற்பதுதான் அவர் போட்ட திட்டம். ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனம் வாங்கியதும் நிலைமை மாறியது: நெகட்டிவை டேப்பில் இருந்த அதே வரிசையில் வெட்டி, 35 மி.மீ.க்குப் பெரிதாக்கி, ஒலியைப் புதிதாக மிக்ஸ் செய்தார்கள். அதற்கான செலவு படத்தின் செலவைப் போலப் பல மடங்கு. 1993இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது வாங்கிய படத்துக்குக் கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

அதன்பின் ‘டெஸ்பராடோ’, ‘ஸ்பை கிட்ஸ்’ என்று பெரிய படங்கள். ஆனாலும் ஆஸ்டினில் சொந்த ஸ்டூடியோ வைத்துக்கொண்டு, பல படங்களில் கேமரா, எடிட்டிங், இசை எல்லாம் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். ‘சின் சிட்டி’யில், அதன் மூல காமிக்ஸைப் படைத்த ஃபிராங்க் மில்லருக்கும் தன்னோடு சேர்த்து இயக்குநர் என்று பெயர் போட விதி இடம் கொடுக்காததால் அமெரிக்க இயக்குநர் சங்கத்தை விட்டே வெளியேறினார். சில ஸ்டூடியோ வாசல்கள் மூடிக்கொள்ளும் என்று தெரிந்தே செய்தது. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அங்கேதான்.

மற்றதை விட நிதானமாகப் பார்க்க வேண்டியது அவர் ஒலியைக் கையாண்ட விதம். கடனாகக் கிடைத்த ஆரிஃப்ளெக்ஸ் 16எஸ் கேமரா ஓடும்போது சத்தம் போடும். வசனத்தை நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. டப்பிங் தியேட்டருக்குக் காசில்லை. ஷாட் முடிந்ததும் கேமராவை நிறுத்திவிட்டு, மைக்கை நடிகரின் வாய்க்குப் பக்கத்தில் வைத்து, அதே வசனத்தை அதே வேகத்தில் திரும்பச் சொல்ல வைத்துக் கேசட்டில் பதிந்தார். அப்போதுதான் பேசிய வரி என்பதால் தாளம் ஓரளவு அப்படியே வரும். தொழில்முறை நடிகர்களாக இல்லாததும் இதில் வசதி: அவர்கள் வசனத்தை அலங்காரம் செய்யாமல் ஒரே மாதிரி பேசுவார்கள். இருந்தாலும் ஏழெட்டுச் சொல் தாண்டினால் உதடு விலகிவிடும். விலகும் இடத்தில் கேட்பவர் முகத்துக்கோ நாய்க்கோ வெட்டி, அடுத்த வரியில் திரும்பி வருவார். அந்தப் படத்தின் வேகமான வெட்டுகளில் பல இப்படிப் பிறந்தவை.

மொபைலில் குறும்படம் எடுப்பவர்களுக்கு இன்றும் இது அப்படியே கைகொடுக்கும். காட்சி முடிந்ததும் நடிகர் இடத்தை விட்டு நகர்வதற்குள், அதே அறையில் வசனத்தை ஒருமுறை தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். ஃபேனை அணைத்துவிட்டு, யாரும் பேசாமல் அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் எடுத்துவையுங்கள்; வெட்டிய வசனங்களுக்கு நடுவே ‘டப்’பென்று மௌனம் விழாமல் நிரப்ப அது வேண்டும். பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தை ஒவ்வொரு காட்சியிலும் பத்து நொடியாவது எடுங்கள். எடிட்டிங்கில் உதடு விலகும்போது போய் ஒதுங்க இடம் அதுதான்.