புது டேப்லெட்டில் பழைய பேனா ஏன் எழுதுவதில்லை?

திரையைத் தொட்டால் கோடு விழுகிறது, பேனாவை வைத்தால் ஒன்றுமில்லை. பெரும்பாலும் இரண்டில் எதுவும் பழுதாகியிருக்காது. பேனாவும் திரையும் வெவ்வேறு மொழி பேசுகின்றன, அவ்வளவுதான்.

சாம்சங்கின் எஸ் பென் இஎம்ஆர் வகை, அதாவது மின்காந்த முறையில் இயங்குவது. எழுதுவதற்கு அதில் பேட்டரி தேவையில்லை. திரைக்கு அடியில் உள்ள தகடு காந்தப்புலத்தால் மின்சாரம் தருகிறது. அந்தத் தகடு இல்லாத டேப்லெட்டில் அது வெறும் குச்சி. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் அந்நிறுவனத்தின் எம்பிபி என்ற பேனா முறையையும், பல குரோம்புக்குகள் யுஎஸ்ஐ என்ற பொதுவான பேனா முறையையும் கேட்கும். புளூடூத்தில் இணைந்துவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள். பல பேனாக்களில் புளூடூத் பொத்தான்களுக்கு மட்டும்தான், எழுதுவதற்கல்ல.

அதிகம் பேர் ஏமாறுவது ஐபேடில். 2024இல் வந்த எம்4 சிப் கொண்ட ஐபேட் ப்ரோவில் இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சில் வேலை செய்யாது. முன் கேமரா நீள விளிம்புக்கு மாறியதால் காந்த சார்ஜிங் அமைப்பும் மாறிவிட்டது. பென்சில் ப்ரோ அல்லது யுஎஸ்பி-சி பென்சில்தான் வழி. யுஎஸ்பி-சி பென்சிலில் அழுத்த உணர்வு, அதாவது அழுத்தினால் கோடு தடிக்கும் வசதி, கிடையாது. குறிப்பெடுக்கப் போதும், ஓவியத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸில் கோடு விழுந்தும் அழுத்தம் மட்டும் வேலை செய்யவில்லையா? வரையும் செயலியின் அமைப்பில் பேனாவின் அழுத்தத்தைச் செயலிக்குச் சொல்லும் இரண்டு முறைகள் உண்டு: வின்டேப், விண்டோஸ் இங்க். ஒன்று இருந்தால் மற்றதற்கு மாற்றிப் பாருங்கள். பேனா முனை தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

வாங்கும் முன் பேனா தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் டேப்லெட்டின் முழு மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் பொருந்தினால் போதாது.