டிவி போட்டியில் ஜெயித்த தம்பியின் முதல் ஆல்பம்: பாட்டு முடிந்தது, பேப்பர்தான் முடியவில்லை

டிவி பாட்டுப் போட்டியில் தம்பி ஜெயித்ததும், பெரிய மியூசிக் கம்பெனி ஒன்று அவனை வைத்து சினிமா சாராத பாப் ஆல்பம் போட்டதும் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் கடலோர ஊரான தூத்தூர் பக்கம் எல்லாருக்கும் தெரியும். பார்க்கிறவர்கள் எல்லாம் ரெக்கார்டிங் எப்படி இருந்தது என்றுதான் கேட்கிறார்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை. சென்னைக்குப் போனான், ஏழு பாட்டு பாடினான், சொன்ன நாளுக்குள் முடிந்தது. அந்த ஏழு பாட்டும் மாதக்கணக்கில் கம்பெனி கம்ப்யூட்டரில் கிடந்ததற்குக் காரணம் வேறு. அதை யாரும் கேட்பதில்லை என்பதால் நானே எழுதுகிறேன். ஐஸ் பிளாண்டில் கணக்கு எழுதும் எனக்கே இதில் முழி பிதுங்கிவிட்டது.

முதல் சிக்கல் ஜெயிப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. தேர்வுச் சுற்றில் தேறியதும் ஒரு கட்டுப் பேப்பரை நீட்டுவார்கள். மேக்கப் போட்டு, நம்பர் ஒட்டி, பிள்ளைகள் வரிசையில் நிற்கிற நேரத்தில் அதை யார் வாசிப்பது? தம்பிக்கு அப்போது பதினெட்டு ஆகவில்லை. மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது, அதனால் கார்டியன் என்று அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஜெயித்தால் குறிப்பிட்ட காலத்துக்கு வேறு எந்தக் கம்பெனிக்குப் பாடவும் சேனலின் சம்மதம் வேண்டும் என்று அதில் ஒரு பக்கம் இருந்திருக்கிறது. இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல, இந்த மாதிரி நிகழ்ச்சிகள் உலகம் முழுக்க இப்படித்தான் ஓடுகின்றன. அமெரிக்கன் ஐடலின் முதல் வெற்றியாளர் கெல்லி கிளார்க்சன் 2002 செப்டம்பரில் ஜெயித்தார். அவருடைய முதல் ஆல்பத்தை ஆர்சிஏ என்ற மியூசிக் கம்பெனி 2003 ஏப்ரலில் வெளியிட்டது. இந்தியன் ஐடலின் முதல் வெற்றியாளர் அபிஜீத் சாவந்த் 2005 மார்ச்சில் ஜெயித்தார், சோனி பிஎம்ஜி அந்த வருஷமே ஆல்பம் கொண்டுவந்துவிட்டது. ஜெயித்த சூடு ஆறுவதற்குள் ஆல்பம் வர வேண்டும் என்றுதான் எல்லாப் பேப்பரையும் முன்கூட்டியே வாங்கி வைக்கிறார்கள். எங்கள் கம்பெனி ஆளும் இதே கதையைச் சொல்லித்தான் அவசரப்படுத்தினார். அந்த அவசரம் நம்மிடம் கையெழுத்து வாங்கும்வரைதான் என்பது பிறகு தெரிந்தது.

கம்பெனி ஒப்பந்தம் போடும் சமயத்தில் தம்பி மேஜர் ஆகிவிட்டான். அவனே கையெழுத்துப் போடலாம், சரி. ஆனால் சேனலிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும். சேனலிலோ, முதல் ஒப்பந்தம் அப்பாவோடு போட்டது, அதனால் விடுவிப்புக் கடிதத்திலும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அப்பா எங்கே? கடலில். எங்கள் ஊர் விசைப்படகுகள் ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல். கரைக்கு வருவதும் தேங்காய்ப்பட்டணத்துக்கா, கொச்சிக்கா என்பதை மீன்தான் முடிவு செய்யும்.

இதை சேனலில் இருந்த பெண்ணுக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு! "ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லுங்களேன்" என்றார். நடுக்கடலில் எந்தக் கடையில் ஸ்கேன் பண்ணுவது? "அப்போ வாட்ஸ்அப்பில் போட்டோ?" அடுத்து, "எப்போ திரும்புவார், தேதி சொல்லுங்க." தேதி தெரிந்தால் நான் ஏன் கெஞ்சப் போகிறேன்?

பேங்கிலும் இதே கதை. பரிசுப் பணம் தம்பியின் மைனர் கணக்குக்கு வந்திருந்தது. (இதில் ஒரு எச்சரிக்கை. போட்டிப் பரிசில் 30 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கார், வீடு என்று பொருளாகக் கொடுத்தால் அந்த வரி கட்டப்பட்ட பிறகே பொருள் கைக்கு வரும். மேடையில் காட்டும் பெரிய அட்டைச் செக்கை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.) பதினெட்டு முடிந்ததும் மைனர் கணக்கு அப்படியே நின்றுவிடும். புது கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று), புதுக் கையெழுத்து மாதிரி, அதைக் கார்டியன் உறுதிப்படுத்த வேண்டும். கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "கார்டியனைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"அப்பா கடல்ல கிடக்கு சாரே."

"எப்போ வருவாரு?"

"மீன் கிடைச்சா."

பின்னால் வரிசையில் நின்ற ஒரு பாட்டி சிரித்துவிட்டார். கவுண்டர்காரர் சிரிக்கவில்லை, பாஸ்புக்கைத் தள்ளிவிட்டார். ஒப்பந்த அட்வான்ஸ் வர வேண்டிய கணக்கும் அதுதான். கடைசியில் வேறொரு பேங்கில் தம்பி பெயரில் புதுக் கணக்கு தொடங்கினோம், அது ஒரே நாளில் முடிந்தது. முதலிலேயே இதைச் செய்யச் சொல்லியிருக்கலாம் இல்லையா அந்த மனுஷன்?

பான் கார்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைனருக்கு எடுத்த பான் கார்டில் போட்டோவும் இருக்காது, கையெழுத்தும் இருக்காது. பதினெட்டு ஆனதும் திருத்தத்துக்கு விண்ணப்பித்து மாற்ற வேண்டும். அதோடு பெயர்த் தகராறு. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கிறது, அதிலும் ஆங்கில எழுத்து ஒன்று கூடுதல். ஊரில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ராயல்டி (பாட்டு சம்பாதிப்பதில் வரும் பங்கு), வரி, ஆல்பம் என்று எல்லா இடத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்கிறது கம்பெனி. பான் சரியில்லை என்றால் ராயல்டியில் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டிய இடத்தில் 20 சதவீதம் பிடிப்பார்கள். பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பும் முன்பே ஆதாரையும் பானையும் ஒரே எழுத்தில் கொண்டுவந்துவிடுங்கள். பாட்டுப் பயிற்சியெல்லாம் அதற்கு அப்புறம்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். படகு கொச்சியில் மீன் இறக்க வருகிறது என்று முதலாளி வீட்டிலிருந்து தகவல் வந்தது. இறக்கி, ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு உடனே திரும்பிவிடுவார்கள். குழித்துறையில் ரயில் ஏறி, எர்ணாகுளத்தில் இறங்கி, விடியும் முன்பே தோப்பும்படி துறைமுகத்தில் நின்றேன். சூரை மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கையை லுங்கியில் துடைத்து, அதன்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஈரம் பட்டு ஒரு ஓரத்தில் மை பரவியது. சாட்சிக்குப் படகில் இருந்த இரண்டு பேர். "தம்பி பாட்டு எப்ப மக்களே வரும்?" என்று கேட்டுவிட்டு ஐஸ் ஏற்றப் போய்விட்டார். ஊர் திரும்பும் ரயிலில் அந்தக் கவரை மடியிலிருந்து இறக்கவே இல்லை நான்.

அதை வாங்கிப் பார்த்த சேனல் சட்டப்பிரிவு, கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து இருக்கிறது, எல்லாப் பக்கத்திலும் வேண்டும், செல்லாது என்று திருப்பிவிட்டது. அவர்கள் அனுப்பிய மெயிலில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. கையெழுத்து என்று கோடு போட்ட இடமும் கடைசிப் பக்கத்தில் மட்டும்தான். நான் மெயிலை எடுத்துக் காட்டியதற்கு, "இது வழக்கமான நடைமுறைதானே மேடம்" என்று பதில். யாருக்கு வழக்கம்? இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

கடைசியில் மேற்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. அப்பா கரையில் இருந்தார். குழித்துறை கோர்ட் பக்கம் நோட்டரி முன்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, ஒவ்வொரு அடித்தல் திருத்தத்திலும் கையெழுத்து. அதே நாளில் என் பெயருக்கு ஒரு பவர் பத்திரமும் எழுதிவிட்டோம். வீட்டில் கடலுக்குப் போகிறவரோ வளைகுடாவில் இருப்பவரோ கார்டியனாக இருந்தால், அவர் புறப்படும் முன் இந்த வேலைக்கென்று ஒரு பவர் பத்திரம் எழுதி வாங்கிவிடுங்கள். அது இருந்திருந்தால் எங்கள் ஆல்பம் அரை வருஷம் முன்னால் வந்திருக்கும்.

இந்த இழுபறியில் ஒரு நல்லதும் நடந்தது. கம்பெனி ஒப்பந்தத்தை நிதானமாக வாசிக்க நேரம் கிடைத்தது. எங்களுக்குத் தெரிந்த வக்கீல் பார்ப்பதெல்லாம் வழித்தகராறும் பாகப்பிரிவினையும்தான், ஆனால் மனுஷன் வரிவரியாக வாசித்தார். "மக்களே, இதுபடி பாத்தா பையன் குருசடித் திருவிழா கேசட்டுல பாடினாலும் கேஸ் போடலாமே" என்றார். (குருசடி என்றால் எங்கள் பக்கத்துச் சின்ன சிலுவைக் கோயில்.) உண்மைதான். எங்கள் ஊர்களில் திருவிழாவுக்குத் திருவிழா பக்திப் பாட்டு ஆல்பம் வரும், தம்பி வளர்ந்ததே கோயில் பாடகர் குழுவில். ஒப்பந்தக் காலம் முழுக்க வேறு எந்த ஒலிப்பதிவிலும் அவன் குரல் வரக்கூடாது என்று எழுதியிருந்தது. ஆலயப் பாடல்கள், பள்ளி கல்லூரி நிகழ்ச்சிகள், கட்டணம் வாங்காத ஊர் விழாக்கள் ஆகியவை இதில் சேராது என்று ஒரு பத்தி எழுதி அனுப்பினோம். கம்பெனி முதலில் முறுக்கியது, அப்புறம் ஒத்துக்கொண்டது. போட்டியில் ஜெயித்ததைவிட எனக்கு இதுதான் பெரிய சந்தோஷம்.

இன்னொரு சண்டையும் போட்டோம். ஏழில் ஒரு பாட்டுக்கு வரியும் மெட்டும் தம்பியே போட்டது. அதையும் சேர்த்து ஒரே தொகைக்கு எல்லா உரிமையும் கம்பெனிக்கு என்று இருந்தது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தப்படி, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டி பங்கை அப்படி எழுதிக் கொடுத்துவிட முடியாது, உரிமை வாங்கியவரோடு சமமாகப் பங்கு உண்டு. சினிமா சாராத ஆல்பத்துக்கும் இது பொருந்தும். நாங்கள் பிரிவைச் சுட்டிக் காட்டியதும் அந்த வரி சத்தமில்லாமல் காணாமல் போனது. தம்பி இப்போது, பாட்டு எழுதுகிறவர்களுக்கும் மெட்டுப் போடுகிறவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினர். வரியோ மெட்டோ போடாமல் பாட மட்டும் செய்கிறவர்களுக்கும் சட்டத்தில் தனியாக ராயல்டி உரிமை உண்டு, அதற்குப் பாடகர்களின் சங்கம் இருக்கிறது. ஒலிப்பதிவு மட்டும், அதைத் தயாரித்த கம்பெனிக்குத்தான் சொந்தம், அதில் நாம் மல்லுக்கட்டிப் பயனில்லை.

உரிமை எழுதிக் கொடுக்கும் இடத்தில் காலமும் இடமும் பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் எந்தக் கம்பெனியும் அதைக் குறிப்பிடாமல் விடாது. எங்களுக்கு வந்ததில் பிரபஞ்சம் முழுக்க, என்றென்றைக்கும் என்று இருந்தது. அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது, "அப்ப கடலுக்கு அடியிலயுமா?" என்றார். அதை எங்களால் குறைக்க முடியவில்லை. அடுத்த ஆல்பங்களுக்கான ஆப்ஷன், அதாவது அவற்றைப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை, கம்பெனி கையில் மட்டும் இருந்தது. அதற்கு ஒரு கெடு தேதி மட்டும் வாங்கினோம்.

ஆல்பம் வந்தது, தம்பி பெயர் எழுத்துப் பிசகாமல் வந்தது. முதல் ராயல்டி கணக்கும் வந்தது, மைனஸில். அட்வான்ஸ், ஸ்டூடியோ செலவு, வீடியோ செலவில் பாதி எல்லாவற்றையும் அவன் பங்கிலிருந்து கழித்த பிறகுதான் காசு. வீடியோ செலவு முழுசாக அவன் தலையில் விழாமல் பாதியாகக் குறைத்ததும் வக்கீல் சாரின் கைங்கரியம்தான். கணக்கில் மேக்கப் செலவு இரண்டு இடத்தில் வந்திருந்தது. கணக்குப் பிள்ளை கண்ணுக்கு அது தப்புமா? மெயில் போட்டேன், திருத்திய கணக்கு வந்துவிட்டது, இன்னும் மைனஸ்தான்.

திருவிழாப் பாட்டுக்கான அந்த விதிவிலக்குப் பத்தியின் நகல் என்னிடம் இருக்கிறது. பிள்ளையைப் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் யாராவது கேட்டால் தருகிறேன். கம்பெனி பெயரை மறைத்துத்தான் தர முடியும், அதற்கும் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு போட்டிருக்கிறார்கள்.