அரையாண்டு லீவில் 12 படங்கள்

திருத்த வேண்டிய அரையாண்டுத் தேர்வுத் தாள்களை மேசையில் போட்டுவிட்டு, லீவுக்கு ஒரு வேலை வைத்துக்கொண்டேன். தினம் ஒரு படம், 12 நாள். அன்றைக்கே எடுத்ததாக இருக்க வேண்டும், தூங்கப் போகும் முன் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான், ஒரே ஒரு 50 எம்எம் லென்ஸ். ஜூம் கிடையாது, கிட்டே வேண்டுமென்றால் நான்தான் நடக்க வேண்டும். ஊர் கும்பகோணம், மாதம் மார்கழி. எடுப்பதற்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

முதல் நாளே சறுக்கல். எதிர்வீட்டு அக்கா ஐந்து மணிக்கே வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார். ஆறரைக்குத்தான் சூரியன் வரும், அதுவரை தெருவிளக்கு வெளிச்சம்தான். எடுத்துப் பார்த்தால் கோலம் வெறும் வெள்ளைத் திட்டாக வெந்து கிடக்கிறது. சாணம் தெளித்த தரை கறுப்பாக இருப்பதால், இருட்டு அதிகம் என்று கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. மறுநாள் எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தேன். தரையின் ஈரமும் தெரிந்தது, கோலத்தின் இழையும் தெரிந்தது. நடுவில் சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூகூட மஞ்சளாகவே வந்தது. இரண்டாம் நாள் படம் அதுதான்.

மூன்றாம் நாள் டீக்கடை. டபரா செட்டில் காபி ஆவி பறக்கிறது, படத்தில் மட்டும் ஆவியைக் காணோம். கடைக்காரரிடம் கேட்டு, வெயில் பின்னாலிருந்து விழும்படி டம்ளரை நகர்த்தி, அதற்குப் பின்னால் இருட்டான கடை உள்பக்கம் வருமாறு குனிந்தேன். ஆவி தனித்து எழுந்தது. அதற்குள் காபி ஆறிப்போனதால் இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது. அதுவும் செலவுக் கணக்கில்தான்.

நான்காம் நாளைப் பற்றிச் சொல்லவே வெட்கம். மெமரி கார்டை லேப்டாப்பிலேயே விட்டுவிட்டு மகாமகக் குளம் வரை போய்விட்டேன். 16 மண்டபமும் தண்ணீரில் தலைகீழாக அசையாமல் நிற்கிறது, நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். போனில் எடுத்துக் கணக்கை நேர் செய்தேன். ஐந்தும் ஆறும் மழை. ஜன்னல், கொடியில் நனைந்த துண்டு, அவ்வளவுதான்.

ஏழாம் நாள் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பம் எல்லோருக்கும் தெரியும். அதை அப்படியே எடுத்தால் தபால் அட்டை மாதிரிதான் இருக்கிறது. அரை மணி நேரம் சும்மா நின்றேன். ஒரு குடும்பம் வந்தது. அம்மா தன் கைப்பையைக் குறுக்கே பிடித்து யானை உடம்பை மறைத்தார். “மாடு!” என்று கத்தினான் பையன். பையை இந்தப் பக்கம் மாற்றினார், யானை. அவர்களிடம் கேட்டுக்கொண்டு, பை பாதி, காளை பாதியாக எடுத்தேன். சிற்பத்தின் விளையாட்டு அந்தப் பையால்தான் படத்துக்குள் வந்தது.

அதன் பிறகு மூன்று நாள் வறட்சி. ஒன்பதாம் நாள் 300 படத்துக்கு மேல் எடுத்து, எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் இரவு பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்தேன். தாராசுரத்தில் எடுத்தது மொத்தமே 14. எனக்கு எடுப்பதைவிடக் கழிப்பதுதான் கஷ்டமான வேலை.

பதினோராம் நாள் மறுபடியும் எதிர்வீடு. “போடறப்ப எடுக்காதே தம்பி, முடிச்சதும் எடு” என்று அதுவரை சொல்லிவந்த அக்கா, அன்று என்ன தோன்றியதோ, “சரி, உட்காரு” என்றார். திண்ணைத் தூணில் சாய்ந்து, அவர் விரல்களை மட்டும் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு இறங்குகிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/250 நொடி வைத்தால் மாவு துகள் துகளாக உறைந்து நிற்கிறது. 1/30 வைத்தால் விரலிலிருந்து தரை வரை ஒரே நூல். எனக்கு நூல்தான் வேண்டும். ஆனால் 1/30-இல் என் கை நடுக்கமும் படத்தில் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்ததில் ஏழெட்டு வீண், ஒன்று தேறியது.

பன்னிரண்டாம் நாளும் அங்கேயே, சிக்குக் கோலம் முழுவதையும் படியில் ஏறி நின்று எடுத்தேன். கேமராத் திரையில் காட்டினேன். அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கி, விரல் வைத்துக் கோடு கோடாகப் பின்தொடர்ந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இங்க இழை விட்டுப்போச்சே தம்பி. படம் எடுக்கத் தெரியுது, இதைச் சொல்லத் தெரியலையா?” என்று மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மறுபடி வாசலில் குனிந்தார்.