சூடாறாப்பெட்டிக் குறிப்புகள்

ஜூன் 2

பிரஷர் குக்கர் தவிர, திறந்த பாத்திரமோ மூடிய பாத்திரமோ, கொதி வந்த தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அதற்கப்புறம் எரிகிற கேஸ் எல்லாம் வெளியே போகிற சூட்டை ஈடுகட்டத்தான். சூட்டைப் பொத்திவைத்தால் அடுப்பை அணைத்துவிடலாம், அரிசி தானே வேகும். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்கிற மக்கள் அறிவியல் இயக்கம் ‘சூடாறாப்பெட்டி’ என்று பரப்பியது இதைத்தான். கடையில் தெர்மல் குக்கர் இருக்கிறது. ஆனால் வைக்கோலே போதும்.

பெரிய அட்டைப்பெட்டி அல்லது மூங்கில் கூடை. அடியிலும் சுற்றிலும் 4 அங்குலத்துக்கு நன்றாகக் காய்ந்த வைக்கோல், அதன்மேல் பழைய வேட்டி, நடுவில் பாத்திரம் இறுக்கமாக உட்காரும் குழி. மேலே மூட, வைக்கோல் திணித்த தலையணை. எல்லாரும் சுற்றிலும் அடைத்துவிட்டு மேல்பக்கத்தில் கோட்டை விடுகிறார்கள். சூடு அங்கேதான் அதிகம் போகும். தெர்மகோல் பெட்டி என்றால் பாத்திரம் நேராகப் படக்கூடாது, இளகிவிடும்.

ஜூன் 4

புழுங்கலரிசி, வடிக்கிற முறை. அரை மணி நேரம் ஊறவைத்து, 1 பங்கு அரிசிக்கு 4 பங்கு தண்ணீர். கொதி வந்ததும் மூடிபோட்டு 5 நிமிடம் சிம்மில் வைத்து, ஆவி அடங்குமுன் பெட்டிக்குள். ஒரு மணி நேரம் கழித்து வடிக்கலாம். பச்சரிசிக்கு 2 நிமிடக் கொதி, அரை மணி நேரம்.

பாத்திரம் முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும். ஒரு ஆளுக்கு அரை டம்ளர் அரிசி வைத்தால் தண்ணீர் கொஞ்சம், சூடும் கொஞ்சம். நடுவில் அரிசி நறுக்கென்று நிற்கும். நடுவில் திறந்து பார்த்தாலும் அதே கதிதான். அப்படித் திறந்துவிட்டால் மறுபடி கொதிக்கவைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

ஜூன் 5

ராத்திரி வைத்துக் காலையில் எடுப்பது கூடவே கூடாது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய சோற்றில் கிருமி பெருகும். அது விடுகிற நஞ்சில் ஒரு வகை திரும்பச் சுடவைத்தாலும் போகாது. வெந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஜூன் 9

துவரம்பருப்பு: 2 மணி நேரம் ஊறல், 10 நிமிடக் கொதி, 3 மணி நேரம் பெட்டி. புளி, தக்காளி எல்லாம் வெந்த பிறகு. முதலிலேயே போட்டால் பருப்பு கரையாது. உப்புநீர் போர்வெல் என்றால் எவ்வளவு நேரம் வைத்தாலும் விறைப்பாகவே இருக்கும், குடிக்கிற தண்ணீரில் வேகவைக்கலாம். அவசரத்துக்கு குக்கர்தான். முதல் விசிலோடு சிம்முக்கு இறக்கிவிட வேண்டும், அடுத்தடுத்த விசில் எல்லாம் காசு கொடுத்து வாங்கிய ஆவி. ராஜ்மாவுக்குப் பெட்டி வேண்டவே வேண்டாம்: அரைவேக்காட்டில் அதன் நஞ்சு முறியாது, வாந்தி நிச்சயம்.

ஜூன் 15

கணக்கு. சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். காலி எடை கைப்பிடிப் பக்கத்துத் தகட்டில் பொறித்திருக்கும். தராசில் ஏற்றி அதைக் கழித்தால் மீதி கேஸ் தெரியும். வாரம் ஒருமுறை எழுதிவைத்தால் போதும், தினமும் ஏற்றினால் தராசின் பிழையே ஒரு நாளில் மிச்சமாகும் கேஸைவிடப் பெரிதாகிவிடும்.

சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் ஒரு கிராம் சுமார் 6 காசு. நாளுக்கு 30 கிராம் மிச்சமானால் மாதம் 55 ரூபாய் சொச்சம். வைக்கோலைக் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் முதல் மாதம் லாபமில்லை. ஈரம் ஏறிய வைக்கோல் சூட்டைக் காக்காது, பூஞ்சையும் பிடிக்கும். தலையணையைப் பிரித்து வாரம் ஒரு வெயில் காட்ட வேண்டும்.